வாசல் விளக்கும் வேண்டா விருந்தினரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

இத்தகைய விழா மேடைகளில் காப்பியங்களைப் பற்றியும், பண்டைத் தமிழரின் பெருமையைப் பற்றியும் பேசுவது மரபு. அவற்றை எடுத்துரைக்க நம்மினும் வல்ல சான்றோர் பலர் இங்கே அமர்ந்துள்ளனர். ஆதலால், நாம் ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டோம். இரவில் வீட்டு வாசலில் அமர்வோரைத் துரத்தும் பூச்சிகளை அகற்றுவது எப்படி என்பதே அப்பொருள். “பூச்சியைப் பற்றியா பேச்சு?” என்று சிலர் நகைக்கலாம். நகைத்த பின்னர்ச் சற்றே எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகின்றோம்.

திண்ணை என்பது தமிழன் கட்டிய வீட்டின் முகம். அதனையே மராட்டியப் பெருமக்கள் ‘ஓட்டா’ என்பர். நெல்லையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் பம்பாய்க்கு வந்தோர், தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியமர்ந்து, பின்னர் இடமும் வாடகையும் நெருக்கவே, மத்திய ரயில்வேயின் பாதையைப் பற்றிக்கொண்டு டோம்பிவிலி வரை வந்தனர். வரும்பொழுது திண்ணையை எடுத்து வர இயலவில்லை. ஆயினும், சால் வீட்டின் பொதுத் தாழ்வாரத்திலும், தரைத்தளத்து வராந்தாவிலும், அடுக்குமாடியின் சிறு பால்கனியிலும் அத்திண்ணையை எப்படியோ மீண்டும் அமைத்துக்கொண்டனர். ரயிலில் நெருக்குண்டு நின்றபடியே வீடு திரும்பும் தந்தை, அங்கே அமர்ந்துதான் மூச்சு விடுகின்றார். பள்ளியில் மராட்டியும் இந்தியும் ஆங்கிலமும் பயின்று வரும் பெயர்த்தி, அங்கேதான் பாட்டியிடம் தமிழில் கதை கேட்கின்றாள்.

மழைக்காலம் தொடங்கியவுடன் நிகழ்வது என்ன? விளக்கைச் சுற்றி ஈசலும் வண்டும் மொய்க்கின்றன. காலைச் சுற்றிக் கொசு மொய்க்கின்றது. கதவு சாத்தப்படுகின்றது. உள்ளே தொலைக்காட்சி பேசத் தொடங்குகின்றது. பாட்டி பேச்சை நிறுத்துகின்றாள். ஜூன் முதல் அக்டோபர் வரை ஆண்டில் ஏறத்தாழ ஐந்து திங்கள் இவ்வாறு கழிந்தால், குழந்தையின் தமிழில் ஐந்து திங்கள் குறைந்துபோகின்றது அன்றோ? எனவேதான் இச்சிறு பொருளைச் சங்க மேடைக்குக் கொண்டு வந்தோம்.

நம்மை நாடி வரும் இவ்வேண்டா விருந்தினர் இரு வகையினர். விளக்கை நாடி வருவோர் ஒரு வகை. குருதியை நாடி வருவோர் மற்றொரு வகை. விட்டில், அந்துப்பூச்சி, ஈசல், வண்டு, நெல் வயலின் பச்சைத் தத்துப்பூச்சி ஆகியவை முதல் வகை. கொசு இரண்டாம் வகை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி ஒரே மருந்தைத் தேடுவதனால்தான் நம் பணமும் முயற்சியும் வீணாகின்றன.

முதலில் விளக்கை நாடுவோரைக் காண்போம். விட்டில் ஏன் விளக்கில் விழுகின்றது? ஒளியின்மீது கொண்ட காதல் என்றனர் கவிஞர். திங்களை வழிகாட்டியாகக் கொண்டு பறக்கும் பூச்சி விளக்கைத் திங்களென மயங்குகின்றது என்றனர் அறிஞர் சிலர். லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர் குழு, விரைவாகப் படம் பிடிக்கும் கருவிகளைக் கொண்டு இதனை ஆராய்ந்து, 2024-ஆம் ஆண்டில் வேறொரு விளக்கத்தை வெளியிட்டது. இரவிலும் தரையைவிட வானமே வெளிச்சமானது. ஆகவே, வெளிச்சம் உள்ள பக்கம் முதுகைக் காட்டிப் பறந்தால், பூச்சி தலைகீழாகாமல் நேராகப் பறக்கலாம். கோடிக்கணக்கான ஆண்டுகளாக அதற்கு உதவிய பழக்கம் இது. மனிதன் பக்கவாட்டில் ஒரு விளக்கை ஏற்றியவுடன், பூச்சி அதற்கும் முதுகைக் காட்டுகின்றது, உடல் சாய்கின்றது, பாதை வளைகின்றது, விளக்கையே சுற்றிச் சுற்றி வருகின்றது. அது காதலால் வரவில்லை. வழி தவறிச் சிறைப்பட்டிருக்கின்றது.

இதனை அறிந்தால் மருந்தும் தானே விளங்கும். பூச்சிகளின் கண்கள் நம் கண்களைப் போன்றவை அல்ல. நமக்குப் புலப்படாத புறஊதா ஒளியும், நீல ஒளியும் அவற்றுக்கு நன்கு புலப்படும். மஞ்சளும் செம்மஞ்சளும் மங்கலாகவே தெரியும். சிவப்பைப் பெரும்பாலான பூச்சிகள் காண்பதில்லை. ஆனால் நாம் வாசலில் மாட்டுவது என்ன? கடையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை எல்.இ.டி. பல்பு. அதன் பெட்டியைப் படித்தால் 6500 கெல்வின் என்று அச்சிட்டிருக்கும். நீலம் மிகுந்த வெள்ளொளி என்பது அதன் பொருள். அதனை அகற்றிவிட்டு, 2700 கெல்வின் எனக் குறித்த இளமஞ்சள் பல்பையோ, முழு மஞ்சள் பல்பையோ மாட்டினால் வருகை குறையும். அறவே நின்றுவிடும் என்று கூறமாட்டோம்; கண்கூடாகக் குறையும் என்பதில் ஐயமில்லை. நம் முன்னோர் மாடத்தில் ஏற்றிய எண்ணெய் அகலும் மங்கிய மஞ்சள் ஒளியையே தந்தது என்பதை இங்கே நினைவு கூரலாம்.

நிறத்தைப் போலவே இடமும் அளவும் இன்றியமையாதவை. கதவின் தலைமேல் விளக்கை மாட்டினால், கதவு திறக்கும்தோறும் பூச்சிகள் உள்ளே புகும். அதனைக் கதவிலிருந்து சில அடி தள்ளி மாட்டுதல் வேண்டும். ஒளி கீழ்நோக்கி மட்டும் விழுமாறு மூடி அமைத்தல் வேண்டும். ஆள் வரும்போது மட்டும் எரியும் விளக்குகள் இன்று கிடைக்கின்றன. மாடிப்படிகளுக்கு அவை மிகவும் பொருந்தும். வீட்டினுள் எரியும் குழல் விளக்கின் ஒளி சன்னல் வழியே வெளியே கொட்டாதவாறு திரையை இழுத்துவிடுவதும் நன்று.

ஈசலுக்குத் தனி முறை வேண்டும். முதல் மழை பெய்து நிலம் நனைந்த மாலையில், கறையான் புற்றிலிருந்து சிறகு முளைத்தவை கூட்டம் கூட்டமாகப் புறப்படுகின்றன. புதிய குடும்பம் அமைக்கப் புறப்படும் மணமக்கள் அவை. பறந்து களைத்தவுடன் சிறகை உதிர்த்துவிட்டு இணை தேடுகின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பல்லிக்கும் பறவைக்கும் தவளைக்கும் இரையாகி, மிகச் சிலவே பிழைக்கின்றன. இப்படை நெடுநேரம் நிற்பதில்லை. ஆகவே அந்நேரம் வாசல் விளக்கையும் முன்னறை விளக்கையும் அணைத்துவிட்டுப் பொறுத்திருப்பதே சிறந்த மருந்து. அவ்விருட்டில் பாட்டி ஒரு கதையைத் தொடங்கினால், குழந்தைகள் மின்வெட்டுக் காலத்துச் சுவையையும் அறிந்துகொள்வர்.

விளக்குக்கு வருவோருள் ஒருவனைப் பற்றி மட்டும் எச்சரிக்கை செய்தல் நம் கடமை. மழைக்காலத்தில் எறும்பைப் போல் மெலிந்து நீண்டு, செம்மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி அமைந்த ஒரு சிறு வண்டு வருவதுண்டு. அது கடிப்பதில்லை, கொட்டுவதுமில்லை. ஆனால் அதனை உடல்மீது வைத்து நசுக்கினால், அதன் உடலிலுள்ள நச்சு நீர் தோலில் பட்டு, ஒரு நாள் கழித்துத் தீப்புண் போன்ற கொப்புளம் உண்டாகும். கண்ணருகே பட்டால் துன்பம் மிகுதி. ஆகவே அதனை அடித்தல் வேண்டா, ஊதிவிடுதல் வேண்டும். தெரியாமல் நசுக்கிவிட்டால், உடனே சோப்பிட்டு நீரில் கழுவுதல் வேண்டும்.

ஊதா விளக்கெரியும் மின்பொறியை வாங்கி மாட்டுவோரும் நம்மிடையே உளர். அது ‘சட்சட்’ என்று ஒலிக்கும்போதெல்லாம், ஒரு கொசு ஒழிந்தது என்று மகிழ்கின்றோம். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர், இத்தகைய பொறிகளில் இறந்த பூச்சிகளைப் பொறுமையாக எண்ணி 1996-இல் கணக்கை வெளியிட்டனர். இறந்தவை 13,789, அவற்றுள் மனிதரைக் கடிக்கும் இனங்கள் 31 மட்டுமே! எஞ்சியவை எவர்க்கும் தீங்கு செய்யாத உயிர்கள். மற்றப் பூச்சிகளைத் தின்று நமக்கு நன்மை செய்வனவும் அவற்றுள் அடங்கும். கொசுவுக்கு விளக்கின்மீது பெரு நாட்டமில்லை. நாம் விடும் மூச்சுக்காற்றிலுள்ள கரியமிலவாயுவும், நம் உடலின் மணமும் வெப்பமுமே அதற்கு வழிகாட்டிகள். இனி அக்கொசுவைப் பற்றிப் பேசுவோம்.

கொசுவின் வரலாற்றில் நாம் வாழும் இப்பகுதிக்குத் தனி இடம் உண்டு. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-இல் நோபெல் பரிசு பெற்றார். அதன்பின், பம்பாயில் மலேரியா பரவுவதேன் என ஆராய்ந்த பென்ட்லி என்னும் மருத்துவர், 1911-இல் தம் அறிக்கையை அளித்தார். சேற்றையும் சாக்கடையையும் குற்றவாளியென எண்ணியிருந்தோர்க்கு அது வியப்பளித்தது. வீட்டு முற்றத்துக் கிணறுகளின் தெளிந்த நீரிலேதான் அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் மலேரியாக் கொசு வளர்ந்தது! கிணறுகளை மூட நகராட்சி முனைந்தபோது, சமயச் சடங்குக்குக் கிணற்று நீரே வேண்டும் என்று மக்கள் எதிர்த்ததும் வரலாறு. இன்று கிணறுகள் அருகிவிட்டன. ஆனால் கொசு அருகவில்லை. அது மொட்டை மாடித் தொட்டிக்கும், கட்டடம் எழும்பும் இடத்தில் தேங்கிய நீருக்கும் குடிபெயர்ந்துவிட்டது. 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி நாட்டிலும் அது காணப்பட்டு, அக்கண்டத்து நகரங்களுக்கும் அச்சத்தை விளைவித்து வருகின்றது.

நாடு விடுதலை பெற்ற காலத்தில், ஆண்டுதோறும் ஏறத்தாழ ஏழரைக் கோடி மக்கள் மலேரியாவால் வருந்தினர். எட்டு இலட்சம் பேர் மாண்டனர் என்பது அக்காலத்து மதிப்பீடு. 1953-இல் தொடங்கிய நாடளாவிய முயற்சியால், 1965-இல் அத்தொகை ஓர் இலட்சம் அளவுக்குக் குறைந்தது. வென்றுவிட்டோம் என்று கண்ணயர்ந்தோம். மருந்துக்கு அஞ்சாத கொசுவும், அசட்டையும் சேர்ந்து, 1976-இல் 64 இலட்சத்துக்கு மேல் ஏறியது. மும்பை மாநகரில் 2010-ஆம் ஆண்டில் மட்டும் 76,000-க்கு மேற்பட்டோர் மலேரியாவுக்கு ஆளாயினர். 145 பேர் உயிர் நீத்தனர். இக்கணக்கைக் கேட்ட பின்னும் இது சிறு பொருள்தானா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

நம் வாசலுக்கு வரும் கொசுக்கள் மூவகை. சாக்கடை நீரில் வளர்ந்து இரவில் கடிப்பது கியூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்ப வல்லது. தொட்டி நீரில் வளர்ந்து இரவில் கடிப்பது அனாபிலிஸ், மலேரியாவைத் தருவது. வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் உள்ள சிறு கலங்களின் நீரில் வளர்ந்து பகலில் கடிப்பது ஏடிஸ், டெங்குவைத் தருவது. ஏடிஸின் முட்டை நீரின்றியும் பல திங்கள் உயிரோடிருந்து, நீர் பட்டவுடன் பொரிக்கும். ஆகவே கலத்தைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

முட்டை கொசுவாகிப் பறக்க, நம் நாட்டு வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள் ஆகும். எனவே வாரத்தில் ஒரு நாள், வீட்டிலுள்ள நீர்க்கலங்கள் அனைத்தையும் வடித்துத் துடைத்தால், எந்தக் கொசுவும் நம் வீட்டில் பிறவாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் போதும். பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, மழைக்காகப் பரணின் வெளியே விரித்த நெகிழித் தாளின் மடிப்பு, பயன்படாத டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றைக் காணுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லுதல் தகும். கொசு வாராதிருக்க என்று துளசியையும், இங்கே ‘கவதி சஹா’ எனப்படும் எலுமிச்சைப் புல்லையும் தொட்டியில் வளர்த்து வாசலில் வைக்கின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் சென்னை மாநகராட்சியும் நொச்சிக் கன்றுகளை மக்களுக்கு வழங்கியது. பண்டைத் தமிழர் மதில் காக்கும் வீரருக்குச் சூட்டிய பூவும் நொச்சியே; வீட்டைக் காக்க அதனை நாடுவது அழகிய எண்ணந்தான். ஆனால் இச்செடிகளின் ஆற்றல் இலையினுள் உள்ள எண்ணெயில் இருக்கின்றது. இலையைக் கசக்கினாலோ புகைத்தாலோ அது வெளிப்படும். செடி சும்மா நின்றால் கொசு அஞ்சுவதில்லை. அச்செடியின் அடித்தட்டில் தேங்கும் நீரிலோ ஏடிஸ் இன்பமாக முட்டையிடுகின்றது! காவலனை நிறுத்திவிட்டு, அவன் காலடியிலேயே பகைவனுக்குத் தொட்டில் கட்டுகின்றோம்.

புகையைப் பற்றியும் ஒரு சொல். கொசுவத்திச் சுருள் ஒன்று எரிந்து முடியும்போது வெளிப்படும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் நுண்துகளுக்கு ஈடாகும் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. திறந்த முற்றத்தில் அதன் தீங்கு குறைவு. கதவடைத்த சிற்றறையில், கைக்குழந்தையின் தலைமாட்டில் அதனை எரிப்பது நன்றன்று. காதுக்குக் கேளாத ஒலியால் கொசுவை விரட்டும் என விற்கப்படும் கருவிகளோ பயனற்றவை. பத்து ஆய்வுகளை ஒப்புநோக்கி 2007-இல் அறிஞர் கண்ட முடிவு இது. பின் எது பயனுடையது? மின்விசிறி! கொசு வலிமையற்ற பறவையாளி. மணிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவே பறக்க வல்லது. காலருகே ஒரு விசிறி சுழன்றால் அதனால் எதிர்த்து வர இயலாது. நம் மூச்சும் மணமும் சிதறிப்போவதால் வழியும் தெரியாது. அதனுடன் சன்னலுக்கு வலை, படுக்கைக்கு மச்சர்தானி, கைகால்களை மூடும் ஆடை, தேவையெனில் தோலில் பூசும் களிம்பு ஆகியவை போதும். விளக்கு வைக்கும் நேரத்தில் பின்கதவைச் சாத்தும் நம் பழைய வழக்கத்தையும் விடவேண்டா. இரவுக் கொசு உள்ளே புகும் நேரம் அதுவே.

இறுதியாக ஒன்று. விளக்கை மாற்றுவது ஒரு வீட்டின் வேலை. கொசுவை ஒழிப்பது ஒரு வீட்டால் ஆகாதது. நான்காம் மாடிக்காரர் தம் கலங்களைக் கழுவிக் கவிழ்த்தாலும், மொட்டை மாடித் தொட்டியின் மூடி உடைந்திருந்தால் கட்டடம் முழுவதும் கடிபடும். மூடிக்குப் பணம் தருவது யார் என்று சொசைட்டிக் கூட்டத்தில் ஒரு மழைக்காலம் முழுவதும் வழக்காடியதையும், அம்மழைக்காலத்திலேயே கட்டடத்தில் காய்ச்சல் படுத்தோர் பலராயிருந்ததையும் நாம் நேரில் கண்டிருக்கின்றோம். மூடியின் விலை ஒருவருடைய மருத்துவச் செலவுக்கும் ஈடாகாது. கொசு, கதவிலுள்ள பெயர்ப்பலகையைப் படிப்பதில்லை. தமிழர் மராட்டியர் என்றோ, சொந்தக்காரர் வாடகைக்காரர் என்றோ வேறுபாடு காண்பதில்லை. ஆகவே நாமும் அவ்வேறுபாடு காணாமல், அண்டை வீட்டு மராட்டியச் சகோதரரையும் குஜராத்திச் சகோதரரையும் அழைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுதல் வேண்டும்.

சங்கத்தின் அன்பர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் நான்கு. வாசல் பல்பை மஞ்சளாக மாற்றுங்கள். ஞாயிறுதோறும் நீர்க்கலங்களைத் தேய்த்துக் கழுவுங்கள். மே மாதம் முடியுமுன் தொட்டி மூடியைச் செப்பனிடுங்கள். மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டால், தாமே மாத்திரை விழுங்கிக் காத்திராமல், உடனே குருதியைச் சோதித்துப் பாருங்கள்.

இவற்றைச் செய்தால், வரும் மழைக்காலத்தில் நம் வாசற்கதவுகள் திறந்தே இருக்கும். மஞ்சள் விளக்கின் அடியில் விசிறி சுழலும். தந்தை இளைப்பாறுவார், பெயர்த்தி கேள்வி கேட்பாள், பாட்டி தமிழில் விடை சொல்வாள்.